ஐம்பது கேள்விகளும் அம்மாவின் ஞாபகமும்

பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்குமான ஆட்டிசக் கேள்வித்தாள்கள் இணையத்தில் எத்தனையோ பெயர்களில் கிடைக்கின்றன. துருவிப் பார்த்தால் பெரும்பாலானவை மூன்று நான்கு மூலங்களுக்குள் அடங்கிவிடும். அவற்றில் அதிகம் பரவியது 'ஏ.க்யூ.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கேள்வித்தாள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆட்டிச ஆய்வு மையத்தைச் சேர்ந்த சைமன் பேரன்-கோஹனும் அவருடைய சகாக்களும் 2001இல் அதை வெளியிட்டார்கள். அதில் 50 கூற்றுகள் உண்டு. பிறரோடு பழகுவது, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, நுணுக்கங்களைக் கவனிப்பது, உரையாடுவது, கற்பனை செய்வது என்ற ஐந்து பிரிவுகளில் பிரிவுக்குப் பத்து. ஒவ்வொன்றையும் ஒப்புக்கொள்கிறாரா மறுக்கிறாரா என்று நிரப்புபவர் குறிக்க வேண்டும். ஆட்டிசப் பக்கம் சாயும் விடைக்கு ஒரு மதிப்பெண். முதல் ஆய்வில், ஆட்டிசம் ஏற்கெனவே உறுதியாகியிருந்த, பேச்சிலும் அறிவிலும் குறையில்லாத பெரியவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் 32 அல்லது அதற்கு மேல் எடுத்தார்கள். பொதுமக்களில் அந்தக் கோட்டைத் தொட்டவர்கள் 2 விழுக்காடு. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் 'வயர்ட்' இதழ் கேள்வித்தாளை முழுதாக வெளியிட்டது. ஆய்வகத்துக்காக எழுதப்பட்ட தாள் அன்றிலிருந்து பொதுவெளியில் இருக்கிறது.

இதன் பத்துக் கேள்விச் சுருக்கம் 2012இல் வந்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான 'நைஸ்' அதை அதே ஆண்டு தன் பரிந்துரையில் சேர்த்துக்கொண்டது. பத்துக்கு 6 எடுத்தால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்பலாம் என்பது விதி. மதிப்பெண் குறைந்தாலும், அந்த நபரின் வரலாற்றைக் கேட்ட மருத்துவருக்கு ஐயம் இருந்தால் அனுப்பலாம் என்றும் அந்தப் பரிந்துரை சொல்கிறது. இணையப் பக்கங்களில் இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. பதின்வயதினருக்கான 50 கேள்வித் தாள் 2006இல் உருவானது. அதை நிரப்ப வேண்டியவர் பெற்றோர். இவை தவிர 80 கேள்விகள் கொண்ட 'ராட்ஸ்-ஆர்' 2011இல் வெளியானது. ஆட்டிசத்தை மறைத்து நடிக்கும் பழக்கத்தை அளக்கும் 25 கேள்வித் தாளான 'கேட்-க்யூ' 2019இல் வந்தது.

இவை எல்லாமே சல்லடைகள். சல்லடை மாவையும் கப்பியையும் பிரிக்கும். மேலே தங்கியது என்ன என்பதைக் கையிலெடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 'ஸ்கிரீனிங்' என்ற சொல்லின் வேலை சலிப்பதோடு முடிகிறது. ஆட்டிசம் உண்டா இல்லையா என்று முடிவு சொல்வது வேறொரு வேலை, வேறொருவர் செய்ய வேண்டிய வேலை. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும்.

சென்னையை அடுத்த தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் 10,000 பெரியவர்கள் இன்றிரவு கைபேசியில் ஏ.க்யூ. கேள்வித்தாளை நிரப்புவதாக வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 2007இல் நடந்த வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் ஏறத்தாழ 100க்கு ஒருவர் ஆட்டிச நிலையில் இருந்தார்கள். அந்த விகிதத்தையே இங்கும் எடுத்துக்கொண்டால் 10,000 பேரில் 100 பேர். அவர்களில் 80 பேர் கோட்டைத் தாண்டுவார்கள், 20 பேர் தவறிவிடுவார்கள். மீதி 9,900 பேரில் 2 விழுக்காடு என்றால் 198 பேர். ஆக, 'உங்களுக்கு ஆட்டிசம் இருக்கக்கூடும்' என்ற வரியைப் படிப்பவர்கள் மொத்தம் 278 பேர். அவர்களில் உண்மையில் ஆட்டிசம் உள்ளவர்கள் 80 பேர். பத்தில் மூவர்கூட இல்லை. இத்தனைக்கும் இந்தக் கணக்கு கேள்வித்தாளுக்கு மிகச் சாதகமான எண்களைக் கொண்டு போடப்பட்டது. கேள்வித்தாளில் பிழை இல்லை. அரிதான ஒன்றைப் பெருங்கூட்டத்தில் தேடும் எந்தச் சோதனையிலும் இதுவே நடக்கும்.

மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தவர்களிடம் சோதித்தபோது நிலைமை இன்னும் சிக்கலானது. லண்டனில் பெரியவர்களுக்கான சிறப்பு ஆட்டிசப் பிரிவுக்கு ஐயத்தோடு அனுப்பப்பட்ட 476 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. பத்துக் கேள்வித் தாளில் எல்லைக்குக் கீழே மதிப்பெண் எடுத்தவர்களில் 64 விழுக்காட்டினருக்கு முழுப் பரிசோதனையில் ஆட்டிசம் உறுதியாயிற்று. பதற்ற நோய் உள்ளவர்களின் மதிப்பெண் உயர்ந்துவிடக்கூடும் என்பதையும் அதே ஆய்வு கண்டது. ராட்ஸ்-ஆர் கேள்வித்தாள் முதல் ஆய்வில் 97 விழுக்காடு துல்லியமாகப் பிடித்ததாகவும் ஆட்டிசம் இல்லாதவர் ஒருவரைக்கூடத் தவறாகக் குறிக்கவில்லை என்றும் அறிவிக்கப்பட்டது. மருத்துவர் உடனிருந்து விளக்கி நிரப்பச் செய்ய வேண்டிய தாள் அது. 2021இல் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையில், வருபவர்கள் தாமே நிரப்பிக்கொண்டு வந்த தாள்களை இறுதி முடிவோடு ஒப்பிட்டபோது இரண்டுக்கும் தொடர்பே தெரியவில்லை. கேள்விகள் மாறவில்லை. பக்கத்தில் விளக்கம் சொல்ல ஆள் இல்லை.

ஆட்டிச நிலையில் உள்ளவருக்கு இந்தத் தாள்களை நிரப்புவதே தனிச் சிரமம் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் மனம் 'அடிக்கடி' என்றால் வாரத்துக்கு எத்தனை முறை என்று கேட்கும். 'எளிது' என்றால் யாரோடு, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று கேட்கும். தாளில் பதில் இருக்காது. ஒரே கேள்விக்கு முன் அரைமணி நேரம் நின்றுபோவதும் உண்டு. பரிசோதிப்பவர் ஒருவர் எதிரில் இருந்தால் அந்தத் தயக்கமே அவருக்குப் பெரிய தகவல். இணையத்தில் அது பதிவாவதில்லை.

கேள்விகள் பிறந்த மண்

கேம்பிரிட்ஜில் எழுதிய கேள்வி சிட்லபாக்கத்தில் அதே கேள்வியாக இருப்பதில்லை. விருந்துக் கொண்டாட்டத்துக்குப் போவதைவிட நூலகம் போவது பிடிக்குமா என்ற வகைக் கேள்வி ஏ.க்யூ. தாளில் உண்டு. அங்கே விருந்து என்பது நண்பர்கள் விரும்பிக் கூடும் மாலை. இங்கே கூட்டம் என்பது பெரும்பாலும் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம். விருப்பம் கேட்டு யாரும் அழைப்பதில்லை. அங்கே போய் மூலையில் உட்கார்ந்திருந்தாலும் அத்தையும் சித்தப்பாவும் பேச்சை நடத்திக்கொள்வார்கள். உறவுக் கூட்டம் ஒருவருடைய குறையைத் தாங்கி மறைத்துவிடும். கண்ணைப் பார்த்துப் பேசுவதும் அப்படித்தான். பெரியவர்களை நிமிர்ந்து பார்த்துப் பேசாத பையன் இங்கே மரியாதை தெரிந்தவன். பேசாத பெண்ணுக்கு அடக்கமானவள் என்ற பாராட்டு. 'சாப்டாச்சா?' என்ற விசாரிப்புக்கு ஒவ்வொரு முறையும் என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு என்று விவரமாகப் பதில் சொல்பவரை வீட்டார் வெகுளி என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தக் கேள்வி உணவைப் பற்றியதல்ல என்பது அவருக்குப் பிடிபடவில்லை என்று யாரும் நினைப்பதில்லை.

இந்த வேறுபாட்டை எண்களும் காட்டுகின்றன. பிரிட்டன், இந்தியா, மலேசியா ஆகிய மூன்று நாட்டு மாணவர்களிடம் ஏ.க்யூ. கேள்வித்தாளைக் கொடுத்த மேகன் ஃப்ரீத் குழுவினரின் ஆய்வு 2013இல் வெளியானது. இந்திய, மலேசிய மாணவர்களின் சராசரி மதிப்பெண் பிரிட்டிஷ் மாணவர்களுடையதைவிட உயர்ந்திருந்தது. இந்திய மாணவர்களில் ஆட்டிசம் அதிகம் என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. பண்பாட்டுப் பழக்கங்களும் சேர்ந்தே மதிப்பெண்ணாகிவிடுகின்றன என்பதே பொருத்தமான விளக்கம். எனவே 32 என்ற எல்லையை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டால் பொய்யான எச்சரிக்கைகள் கூடும்.

மொழிபெயர்ப்பு அடுத்த சிக்கல். குழந்தைகளுக்கான ஏ.க்யூ. உள்ளிட்ட கருவிகளை இந்தியிலும் வங்காளத்திலும் பெயர்த்துச் சோதித்த ஆய்வு 2014இல் வெளியானது. மொழிபெயர்த்ததோடு நிற்காமல் இந்தியக் குழந்தைகளிடம் பயன்படுத்திப் பார்த்துச் சரிபார்த்த வேலை அது. கணினி சில நொடிகளில் தரும் தமிழ் வடிவம் அந்தச் சோதனை எதையும் கடந்ததல்ல. 'சமூகச் சூழலில் எளிதாக இருக்கிறீர்களா' என்று தமிழில் கேட்டால், சமூகம் என்பதைச் சாதி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்பவர் இருப்பார். எதிர்மறை வாக்கியங்கள் இன்னும் ஆபத்தானவை. அன்றாட ஒழுங்கு கலைந்தால் வருத்தமில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு கூற்று வரும். எதிர்மறைக்கு 'ஆமாம்' என்று உடன்படுவது தமிழ்ப் பழக்கம், 'இல்லை' என்று உடன்படுவது ஆங்கிலப் பழக்கம். இரண்டு மொழிகளுக்கும் நடுவில் யோசிப்பவர் விடையைத் தலைகீழாகக் குறித்துவிடக்கூடும். சிறுவயதில் பாவனை விளையாட்டு பிடிக்குமா என்ற கேள்விக்குத் திகைப்பவரிடம், சொப்பு வைத்துச் சோறு சமைத்து விளையாடியதுண்டா, மரப்பாச்சிக்குத் தாலாட்டுப் பாடியதுண்டா என்று கேட்டால் உடனே பதில் வரும்.

கேட்கப்படாமல் போவதும் உண்டு. ஒலி, ஒளி, தொடுகை, வாசனை ஆகியவற்றைத் தாங்க முடியாத நிலை 2013இல் வெளியான 'டி.எஸ்.எம்.-5' என்னும் அமெரிக்க நோயறிதல் கையேட்டில்தான் ஆட்டிசத்தின் இலக்கணத்துக்குள் முறையாக நுழைந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன் எழுதிய ஏ.க்யூ. தாளில் அதற்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். சென்னையின் தென் புறநகரில் வாழும் ஒருவருக்கோ அதுதான் முதல் தொல்லையாக இருக்கும். பல்லாவரம் சந்தை நெரிசல், ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன், ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் ஒலிபெருக்கி, காலை மின்சார ரயிலில் முதுகோடு முதுகு உரசும் பயணம். இவற்றுக்காகவே பத்து மணிக்கு மேல் கிளம்பும் வேலையைத் தேடிக்கொண்டவரின் கதை அந்த ஐம்பது கேள்விகளில் எங்கும் வராது.

நிலாவைக் காட்டிய விரல்

நோயறிதல் எதைத் தேடுகிறது என்பதைப் பார்த்தால் கேள்வித்தாளின் எல்லை தெளிவாகும். டி.எஸ்.எம்.-5 இரண்டு தொகுதிகளைச் சொல்கிறது. பிறரோடு உறவாடுவதிலும் உணர்த்துவதிலும் நீடித்த சிரமம் முதலாவது. அதில் மூன்று கூறுகள், மூன்றும் இருக்க வேண்டும். குறுகிய ஈடுபாடு, ஒழுங்கு மாறாமை, திரும்பத் திரும்பச் செய்தல், புலன் உணர்வின் மிகை அல்லது குறை என நான்கு கூறுகள் இரண்டாவது தொகுதி. அவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கை அதனால் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறிகுறிகள் குழந்தைப்பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். வாழ்க்கையின் சுமை கூடும்வரை அவை வெளியே தெரியாமலும் இருக்கலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம் என்று கையேடே சொல்கிறது.

இந்தக் கடைசி நிபந்தனைதான் பெரியவர்களின் ஆட்டிசத்தை மற்ற நிலைகளிலிருந்து பிரிக்கிறது. இருபது வயதில் ஒரு தோல்விக்குப் பிறகு மனிதர்களைத் தவிர்க்கத் தொடங்கியவருக்குச் சமூகப் பதற்றமோ மனச்சோர்வோ இருக்கலாம். திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் பழக்கம் 'ஓசிடி'யிலும் உண்டு. கவனம் சிதறுவதும் பேச்சில் குறுக்கிடுவதும் 'ஏடிஎச்டி'யிலும் உண்டு. அது ஆட்டிசத்தோடு சேர்ந்தே வருவதும் சாதாரணம். இவை எல்லாமே ஏ.க்யூ. மதிப்பெண்ணை உயர்த்தக்கூடியவை. இணையத் தாள் பெரும்பாலும் இன்றைய நிலையையே கேட்கிறது. மூன்று வயதில் எப்படி இருந்தார் என்று அது கேட்பதில்லை. கேட்டாலும் நிரப்புபவருக்கு அது நினைவிருக்காது.

நினைவிருப்பது அம்மாவுக்கு. அம்மா இல்லையென்றால் பெரியம்மாவுக்கு, அத்தைக்கு, தூக்கி வளர்த்த அக்காவுக்கு. மருத்துவ உளவியலாளர் அவர்களிடம் கேட்பது கடினமான கேள்விகள் அல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினானா? எடுக்க வந்தால் கைநீட்டினாளா? நிலாவைக் காட்டிச் சோறூட்டியபோது விரல் போன திசையைப் பார்த்துவிட்டு மறுபடி ஊட்டுபவரின் முகத்தைப் பார்த்தானா? தானே எதையாவது காட்டி 'அதோ' என்று பகிர்ந்துகொண்டாளா? ஒரு பொருளை இருவர் சேர்ந்து பார்ப்பதும், சேர்ந்து பார்க்கிறோம் என்பதை இருவரும் அறிந்திருப்பதும்தான் இதில் முக்கியம். ஆட்டிசத்தில் மிக முன்னதாகவே தடம் காட்டும் இடங்களில் இது ஒன்று.

தமிழுக்கு இந்தக் கவனிப்பு புதிதல்ல. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையைப் பத்துப் பருவங்களாகப் பார்க்கிறது. அவற்றில் முதல் ஏழு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சப்பாணியில் பிறரைப் பார்த்துக் கைகொட்டுவது, முத்தப் பருவத்தில் கேட்டதற்கு இணங்கிக் கொடுப்பது, வருகையில் அழைத்தால் வருவது, அம்புலியில் நிலாவை விளையாட அழைப்பது. பார்த்துச் செய்தல், கொடுத்து வாங்குதல், அழைப்புக்கு எதிர்வினை, சேர்ந்து பார்த்தல் என்று வளர்ச்சி உளவியல் இன்று தனித்தனியாகக் குறிக்கும் பண்புகள் இவை. புலவர்கள் நோயறிதலுக்காகப் பாடவில்லைதான். ஆனாலும் ஒரு தாயிடம் 'கூட்டுக் கவனம் இருந்ததா' என்று கேட்பதைவிட 'அம்புலி காட்டினால் என்ன செய்வான்' என்று கேட்டால் துல்லியமான பதில் கிடைக்கும். தமிழில் பெரியவர்களுக்கான கேள்வித்தாள் எழுத முனைபவர்கள் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

ஞாபகம் தவறக்கூடியது. நான்கு பிள்ளைகளில் யார் எப்போது பேசினார் என்பது குழம்பிப்போகும். 'நல்லாத்தான் இருந்தான்' என்ற ஒரே பதிலில் எல்லாவற்றையும் முடித்துவிடும் தாய்மார்களும் உண்டு. மகன்மீது பழி வரக்கூடாது என்ற அச்சம் அது. அப்போது வேறு சான்றுகள் கைகொடுக்கும். பள்ளி ரேங்க் கார்டில் ஆசிரியர் எழுதிய குறிப்பு, பழைய பிறந்தநாள் புகைப்படங்கள், 1990களில் எடுத்த காதுகுத்து வீடியோ கேசட். எல்லாக் குழந்தைகளும் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்க, ஒரு குழந்தை மட்டும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடக் காட்சி, நிரப்பப்பட்ட தாள்கள் பலவற்றைவிடப் பெறுமதியானது.

தவறவிடப்பட்ட தலைமுறை

இன்று நாற்பதைத் தொடும் ஒருவர் குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்தில் இந்தியச் சட்டத்துக்கு ஆட்டிசம் என்ற சொல் தெரியாது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் முதலில் அதற்கு இடம் கொடுத்தது. 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் 21 குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தை முழு உரிமைகளோடு சேர்த்தது. அதற்கு முன் வளர்ந்தவர்களுக்கு வேறு பெயர்கள் கிடைத்தன. அழுத்தக்காரன், ஊமைக்கோட்டான், சிடுமூஞ்சி, திமிர் பிடித்தவள், படிப்பில் புலி ஆனால் பிழைக்கத் தெரியாதவன். இந்தப் பெயர்களைச் சுமந்து நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் நள்ளிரவில் ஒரு கேள்வித்தாளை நிரப்பி அழுகிறார் என்றால், மதிப்பெண்ணைவிட அந்த அழுகைக்குக் காது கொடுக்க வேண்டும். தன் வாழ்க்கைக்கு வசைச்சொல் அல்லாத ஒரு விளக்கம் இருக்கக்கூடும் என்று அவருக்கு முதன்முறையாகத் தோன்றியிருக்கிறது. இணையத் தாள்களின் மெய்யான பயன் அதுதான், அது சிறிய பயனும் அல்ல.

பெண்கள் இன்னும் அதிகமாகத் தவறவிடப்படுகிறார்கள். ஆட்டிசம் நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற விகிதத்தில் இருப்பதாக நெடுங்காலம் கருதப்பட்டது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை மூன்றுக்கு ஒன்று என்பதே நெருக்கமானது என்றது. பிறரைப் பார்த்துப் பேச்சையும் சிரிப்பையும் ஒத்திகை பார்த்து நடிக்கும் பழக்கம் பெண்களிடம் கூடுதல் என்பது காரணங்களில் ஒன்று. மாமியார் வீட்டில் பகல் முழுக்க நடித்துவிட்டு இரவில் குளியலறையில் விளக்கை அணைத்து உட்கார்ந்திருக்கும் பெண்ணின் களைப்பை வீட்டார் சோம்பல் என்பார்கள்.

சொல் பற்றிய தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்' என்ற தொடர் வழங்குகிறது. புற உலகை மிகையாக உணர்ந்து தவிக்கும் ஒருவரைப் புற உலகச் சிந்தனையற்றவர் என்று எழுதுவது தவறு மட்டுமல்ல, புண்படுத்தவும் செய்கிறது. இந்தத் துறையில் தமிழில் பரவலாக அறியப்பட்ட நூலுக்கு யெஸ். பாலபாரதி 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்று பெயரிட்டார். பெற்றோரும் சிறப்பாசிரியர்களும் பேச்சில் வழங்குவதும் ஆட்டிசம் என்ற சொல்லைத்தான்.

தாம்பரத்திலிருந்து எங்கே

கேள்வித்தாளுக்கு அடுத்த படி இந்தப் பகுதியில் குழந்தைகளின் அளவுக்கே வெட்டப்பட்டிருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் 18 வயதுவரை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பரிசோதித்து மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறது. தெருவுக்குத் தெரு காணும் சிகிச்சை மையங்களும் பேச்சுப் பயிற்சி, தொழில்வழிப் பயிற்சி என்று சிறுவர்களை எண்ணியே நடக்கின்றன. முப்பது வயதுக்காரர் அங்கே போனால் குழந்தை எங்கே என்று கேட்பார்கள்.

பெரியவர்களுக்கான வழி மனநலப் பிரிவு வழியாகவே போகிறது. மின்சார ரயிலில் போகக்கூடிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புறநகரைச் சுற்றியுள்ள தனியார் மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலத் துறைகள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போகலாம். பொதுவான மனநல ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' எனப்படும் 14416 என்ற எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. தமிழிலும் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் கேள்வித்தாளை ஒதுக்கிவிட்டு உடனே அழைக்க வேண்டிய எண்ணும் அதுவே. இந்த எச்சரிக்கை சம்பிரதாயமானதல்ல. இங்கிலாந்தில் வளர்ந்தபின் ஆட்டிசம் உறுதியான 374 பேரிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில் மூன்றில் இருவர் தற்கொலை எண்ணம் வந்ததுண்டு என்றார்கள்.

யாரிடம் போவது என்பதில் ஒரு சரிபார்ப்பு அவசியம். இந்தியாவில் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது. பெரியவர்களை மதிப்பிட்ட அனுபவம் உண்டா, பெற்றோரிடம் பேசுவார்களா, எத்தனை அமர்வுகள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். ஒரே சந்திப்பில் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார், வேலையில் இருக்கிறார், கல்யாணம் ஆகியிருக்கிறது என்பதால் ஆட்டிசம் இல்லை என்று சொல்லிவிடுவது, மதிப்பெண்ணை மட்டும் பார்த்து உண்டு என்று சொல்வதற்குச் சற்றும் குறையாத பிழை.

இணையதளத்தையும் எடைபோட வேண்டும். எந்தக் கேள்வித்தாள், யார் எழுதியது, எந்த ஆண்டு, எல்லை மதிப்பெண் எது என்று வெளிப்படையாகச் சொல்லும் தளம் மேலானது. கேள்விகளை இலவசமாகக் கொடுத்து, முடிவைப் பார்க்கக் கைபேசி எண்ணையும் பணத்தையும் கேட்கும் தளம் வணிகம் செய்கிறது. குறுங்காணொளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிக்டாக்கில் ஆட்டிசம் பற்றி அதிகம் பார்க்கப்பட்ட தகவல் காட்சிகள் 133ஐ ஆராய்ந்த 2023ஆம் ஆண்டுக் கட்டுரை, சரியான தகவல் தந்தவை 27 விழுக்காடு என்றது. டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூனில் தடை செய்யப்பட்டது. ஆனாலும் அதே வகைக் காட்சிகள் ரீல்ஸ் வடிவில் தடையின்றி ஓடுகின்றன.

பதின்வயதினர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், பதினைந்து வயதுப் பிள்ளை தனியாக நிரப்பிய தாளை வீட்டில் காட்டத் துணிந்தால் முதல் எதிர்வினை எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். 'இதெல்லாம் ஃபோன் பார்த்துக் கெட்டது' என்று சொல்லிவிட்டால் அந்தக் கதவு பல ஆண்டுகளுக்குத் திறக்காது. பத்தாம் வகுப்புவரை தெரிந்த பள்ளி, தெரிந்த நண்பன், தெரிந்த பெஞ்ச் என்று சமாளித்த பிள்ளை, பதினொன்றாம் வகுப்பில் புதுப் பள்ளியும் காலை மாலை கோச்சிங்கும் சேரும்போது உடைவதுண்டு. சுமை கூடும்போது அறிகுறி வெளிப்படும் என்று கையேடு சொல்வது இதைத்தான். ஆட்டிசம் உறுதியானால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பள்ளி வழியாகத் தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே நகர வேண்டும்.

அரசுச் சான்றிதழ் தனிப் பாதை. அதற்கான கருவி 'ஐ.எஸ்.ஏ.ஏ.' எனப்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல். 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70 தொட்டால் ஆட்டிசம், அதுவே 40 விழுக்காடு குறைபாட்டுக்குச் சமம். வேலை இடஒதுக்கீடு உள்ளிட்ட உரிமைகள் அந்த 40 விழுக்காட்டிலிருந்துதான் தொடங்குகின்றன. கேட்டதையே திரும்பச் சொல்வது, வழக்கமில்லாத ஒலிகளை எழுப்புவது போன்ற கூறுகள் அதில் கணிசமாக இடம்பெறுவதால், சரளமாகப் பேசி வேலைக்கும் போகும் பெரியவர் 70ஐ எட்டாமல் நின்றுபோகக்கூடும். மருத்துவர் ஆட்டிசம் என்று உறுதிசெய்த பிறகும் சான்றிதழ் கிடைக்காத நிலை இப்படித்தான் வருகிறது. பேசத் தெரிந்தவரின் சிரமத்தை அளக்க அந்த அளவுகோலுக்குக் கூடுதல் கண்கள் தேவை.

சான்றிதழ் இல்லாவிட்டாலும் மனநல மருத்துவர் எழுதித் தரும் நோயறிதல் குறிப்பு பயன்படும். அதில் என்ன நோய் என்பதோடு என்ன வசதி வேண்டும் என்பதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். வாய்மொழிக்குப் பதில் எழுத்தில் உத்தரவு, கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் முந்தின நாளே, ஒலிபெருக்கியிலிருந்தும் ஏ.சி. காற்றிலிருந்தும் தள்ளிய மேசை, ரயில் நெரிசலுக்கு முன்போ பின்போ வந்துபோகும் நேரம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.